இரும்பிக்கு அளவெடுத்த கவசம்

செத்தவள் பழிவாங்க மாட்டாள் என்று யார் சொன்னது? சொன்னவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிற அந்த மாடி வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். அங்கே ஒருத்தியை ஆற்றில் சாகவிட்டு, அவள் உடம்பிலிருந்து கவசத்தை உரித்துக்கொண்டு, உடம்பை மறுபடியும் ஆற்றிலேயே விட்டார்கள். விட்டவர்கள் அன்னியர்களும் இல்லை. கட்டின புருஷனும் அவனுடைய கூடப்பிறந்த தங்கச்சியும்தான். பயப்பட வேண்டாம், சாப்பாட்டு மேசையில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. எல்லாம் பகடையும் பென்சிலும் தாளுமாகத்தான் நடந்தது. ஆனால் அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. அதற்கு அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவள் தையல்காரி. புதுத்துணி தைக்கிறவள் இல்லை, தைத்ததைத் திருத்துகிறவள். சீருடை விற்கிற கடையின் பின்னறையில், தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே அவளுடைய மிஷின் இருக்கிறது. காவலாளிகளும் ஆஸ்பத்திரி உதவியாளர்களும் லிஃப்ட் இயக்குகிறவர்களும் அங்கே வந்து நிற்பார்கள். கையில் இருப்பது பெரிய அளவு, உடம்பு சின்ன அளவு, அல்லது நேர்மாறு. வாயில் நாலு குண்டூசியைக் கவ்வியபடி மண்டியிட்டு அவர்கள் கால்சட்டையின் ஓரத்தை மடிப்பாள். இடுப்பளவைக் கேட்டால் உண்மை சொல்கிற மனிதனை அவள் இதுவரை பார்த்ததில்லை. அதனால் யாரையும் கேட்பதும் இல்லை. கழுத்தில் தொங்குகிற இஞ்சு டேப்பை எடுத்துச் சுற்றிப் பார்த்துவிடுவாள். யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டாள். ஆனால் அவளிடம் ஒரு பேச்சு போய் விழுந்தால் அது எங்கேயும் போகாது, உள்ளேயே கிடக்கும். 

அப்படி விழுந்த பேச்சில் முக்கால்வாசி அவளுடைய நாத்தனாருடையது. நாத்தனாருக்குக் கல்யாணமாகி, பல்லில் கிளிப் போடுகிற வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறாள். ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறாள். சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் வியாதியைச் சொல்லிவிடுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். தெரு முனையிலேயே வீடு என்பதால் பாப்பா இந்த வீட்டுக்கு வராத நாள் கிடையாது. வந்தால் திரைச்சீலையைப் பார்ப்பாள், "இந்தக் கலரை யாரு அண்ணி எடுத்தது, நீங்களா?" என்பாள். குழம்பை ருசி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உப்பு டப்பாவை எடுத்து மேசையில் வைப்பாள். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். இங்கே புருஷனுக்குப் பெண்டாட்டி வேண்டாதவள் இல்லை. அவனுக்குத் தங்கச்சி கொஞ்சம் கூடுதலாக வேண்டியவள், அவ்வளவுதான். 

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிற நல்ல மனுஷன். நாள் முழுக்கக் கம்பிவடம் தொங்குகிற குழிக்குள் நின்று வேலை செய்கிறவர், எத்தனை அடி ஆழம், எவ்வளவு வடம் வேண்டும் என்பதைக் கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவார். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். 

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அண்ணனும் தங்கச்சியும் சின்ன வயதிலிருந்து ஆடுவது. ஆளுக்கு ஒரு வீரன் வேஷம். ஒருத்தர் மட்டும் வேஷம் கட்டாமல் கதையை நடத்துவார், அவருக்கு மாஸ்டர் என்று பெயர். அரக்கன் வருகிறான் என்று மாஸ்டர் சொன்னால் வந்துவிட்டான். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். கவசம் போட்டவனுக்கு ஒரு எண் உண்டு. எதிரியின் பகடை அந்த எண்ணைத் தொட்டால்தான் அடி உடம்பில் விழும். துணிச்சட்டை என்றால் சின்ன எண், தலையிலிருந்து கால்வரை இரும்பு என்றால் பெரிய எண். இவ்வளவு தெரிந்தால் போதும். மாஸ்டர் யார் என்று கேட்கவே வேண்டாம். பாப்பாதான், வேறு யார்.

ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தபோதுதான் தையல்காரியைக் கூப்பிட்டார்கள். பாப்பாவின் புருஷன், அதாவது இந்த வீட்டு மாப்பிள்ளை, மந்திரவாதி. வீட்டுக்காரர் வில்லாளி. 

"அண்ணி, நீங்க முன்னாடி நின்னு அடி வாங்குறவங்களா இருங்க. அதுக்கு யோசிக்க வேண்டாம், சும்மா நின்னா போதும்," என்றாள் பாப்பா.

சும்மா நின்று அடி வாங்குகிற வேலை தையல்காரிக்குப் புதுசா என்ன? சரி என்றாள். தன் வீராங்கனைக்கு இரும்பி என்று பெயர் வைத்தாள். முதலில் கந்தல் தோல்சட்டையோடு நின்றாள், ஓநாய் கடித்தது, பூதம் மிதித்தது. ஆனால் மற்ற இரண்டு பேரும் புதையலில் கிடைத்ததை மோதிரத்திலும் சாராயக்கடையிலும் விட்டபோது அவள் விடவில்லை. மலைக் கொல்லனிடம் முதலில் கையுறை, அப்புறம் தோள்மூடி, அப்புறம் மார்புத்தகடு என்று ஒவ்வொன்றாக அடிக்கக் கொடுத்தாள். 

மார்புத்தகடு அடித்த அன்று ஒரு கூத்து நடந்தது. "கொல்லன் உங்க அளவைக் கேக்குறான்," என்று பாப்பா கதைவாக்கில் சொன்னாள். தையல்காரி எழுந்து நின்று, கழுத்திலிருந்த டேப்பை எடுத்துத் தன்னையே அளந்தாள். மார்பு, இடுப்பு, தோள், முழங்கை. ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தாளில் எழுதினாள். மாப்பிள்ளை பிஸ்கட் புரையேறும்வரை சிரித்தார். "நிஜமாவே தச்சுப் போட்டுக்கப் போறீங்களா அக்கா?" என்றார். தன் கட்டை உருவத்துக்கு, ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்த தன் தோளுக்கு, முதல்முறையாக ஒன்று சரியாக உட்காரப் போகிறது என்கிற சந்தோஷம் அவளுக்கு.

அந்தக் கவசம் முழுசாக முடிந்த பிறகு இரும்பியை அசைக்க ஆள் இல்லை. அரக்கன் பகடையை உருட்டுவான், "படலை," என்பாள் தையல்காரி. பூதம் உருட்டும். "படலை." அந்தச் சொல்லை அவள் எப்படிச் சொல்வாள் தெரியுமா? மெதுவாக, தலை நிமிராமல், தாளைப் பார்த்தபடி. வாரம் முழுக்கத் திரைச்சீலையும் உப்பும் படுகிற உடம்பு அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் பாப்பா எறிகிற எதுவும் அவள் மேல் படாது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்த இரும்புக்குள்தான். 

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாஸ்டருக்கு அது தலைவலிதான். இரும்பிக்கு வலிக்கிற மாதிரி ஒரு பூதத்தைக் கொண்டுவந்தால் மற்றவர்கள் ஒரே அடியில் செத்துவிடுவார்கள். மற்றவர்களுக்குத் தோதாகக் கொண்டுவந்தால் இரும்பி கொட்டாவி விடுவாள். பாப்பா அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். "கவசம் ரொம்ப ஓங்கிடுச்சு அண்ணி, கொஞ்சம் குறைச்சுக்கலாமா," என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் தையல்காரி தோள்மூடியைக் கழற்றிக் கொடுத்திருப்பாள். கேட்டால் கொடுக்கிற ரகம் அவள். ஆனால் அண்ணியிடம் கேட்பதா? அதற்குப் பாப்பா வேறு பிறவி எடுக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு ஆற்றைக் கடந்தார்கள். மரப்பாலம். வில்லாளியும் மந்திரவாதியும் இன்னும் கரையில். இரும்பி நடுப்பாலத்தில் காலை வைத்தபோது பலகை முறிந்தது என்றாள் பாப்பா. 

"சரி, நீந்துறதுக்கு உருட்டட்டுமா?" தையல்காரி பகடையை எடுத்தாள்.

"எதுக்கு உருட்டணும்? உடம்பு பூரா இரும்பு அண்ணி. இரும்பு மூழ்கும்."

"புத்தகத்துல அப்படி ஒரு விதி இல்லையே. இவ்வளவு நாளா மழையில நடந்தேன், அகழியில இறங்கினேன்."

"விதி இல்லேன்னா என்ன, நிஜம்னு ஒண்ணு இருக்குல்ல. நிஜத்துல இப்படித்தான் நடக்கும்."

தையல்காரி பகடையைக் கீழே வைக்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட கயிறு இருக்கே. அம்புல கட்டி விடுங்க, பிடிச்சுக்கிறேன்."

அவர் தன் தாளைப் பார்த்தார். கயிறு என்று எழுதியிருந்தது, அவர் கையெழுத்திலேயே. அப்புறம் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். பாப்பா புருவத்தை லேசாகத் தூக்கினாள், அவ்வளவுதான். குழியின் ஆழத்தைக் கண்ணால் அளக்கிற மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ரியலா பாத்தா… எட்டாதும்மா."

இரும்பி செத்துப்போனாள். மாப்பிள்ளை "ஐயோ பாவம்," என்று இன்னொரு பிஸ்கட் எடுத்தார்.

இதோடு விட்டிருந்தால்கூட ஒருவேளை அவள் விழுங்கியிருப்பாள். எவ்வளவோ விழுங்கியவள்தானே. அடுத்த வாரம் அவளுக்குக் கழுதை ஓட்டுகிற ஒருத்தியின் வேஷம் கொடுத்தார்கள், துணிச்சட்டை. ஆட்டம் தொடங்கியதும் பாப்பா கதையை எடுத்தாள்: மீனவர்கள் ஆற்றில் வலை வீசினார்கள், இரும்பியின் கவசம் சிக்கியது. மாப்பிள்ளையைப் பார்த்து, "முன்னாடி நிக்க ஆள் இல்ல. மந்திரவாதியை விட்டுட்டு நீங்க வீரனா மாறி அதைப் போட்டுக்கங்க. வீணாப் போகக் கூடாதுல்ல," என்றாள்.

தையல்காரி மெதுவாகக் கேட்டாள். "கவசத்துக்குள்ள ஒருத்தி இருந்தாளே பாப்பா. அவ?"

பாப்பா யோசித்ததுகூட இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. "உடம்பா? மீனவங்க கழட்டிட்டு ஆத்துலயே விட்டுட்டாங்க அண்ணி. கதைக்கு அது முக்கியமில்ல."

கேட்டீர்களா? கதைக்கு அது முக்கியமில்லையாம். 

அன்றைக்கே மாப்பிள்ளையின் வீரன் அதே கவசத்தோடு படகில் ஏறினான், படகு கவிழ்ந்தது. தையல்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உருட்டுங்க," என்றாள் பாப்பா. அவர் உருட்டினார், நீந்திக் கரையேறிவிட்டார். 

"இரும்பு மூழ்கும்னு சொன்னியே?" 

"அண்ணி, எல்லாத்தையும் நிஜமாவே வெச்சா ஆட்டம் ஓடுமா? பேலன்ஸ்னு ஒண்ணு வேணும். முன்னாடி நிக்கிறவரும் செத்துட்டா மத்தவங்க கதி என்ன?"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அண்ணி விழுந்தால் நிஜம், புருஷன் விழுந்தால் பேலன்ஸ். தையல்காரி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததைப் பார்த்து வீட்டுக்காரர் நிம்மதியானார். பாவம், அவருக்குப் பெண்டாட்டியைப் பற்றி என்ன தெரியும்.

வாரம் முழுக்க மிஷின் ஓடியது. ஒரு காவலாளியின் சட்டைக்கு அக்குள் பிரித்து விட்டுக்கொண்டிருந்தாள். ஊசி இறங்கி ஏறும்போதெல்லாம் 'உடம்பை ஆத்துலயே விட்டுட்டாங்க' என்றது. பாப்பாவோடு சண்டை போட்டு என்ன பயன்? அழுதால் "விளையாட்டுக்கு அழறாங்க" என்பார்கள். ஆட்டத்திலிருந்து விலகினால் அதுதான் அவளுக்கு வேண்டியது. வேண்டாம். நிஜம் என்று சொல்லித்தானே சாகடித்தாள்? அதே நிஜத்தை ஒரு கரண்டி குறையாமல் அவளுக்கே ஊட்ட வேண்டும். அதுவும் அவள் வாயாலேயே சொல்ல வைத்து ஊட்ட வேண்டும். சட்டை முடிவதற்குள் அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது.

அடுத்த ஞாயிறு டீயை நீட்டும்போது சொன்னாள். "நீயும் எத்தனை நாள்தான் எங்களுக்காகவே உழைப்ப பாப்பா? உனக்கும் ஒரு வேஷம் கட்டி ஆட ஆசையிருக்காதா? கொஞ்ச நாள் நான் நடத்துறேன். தப்பாப் போனா நீ திருத்து."

மாஸ்டராக இருக்கிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு, அத்தனை பேருக்கும் உண்டு. மனசுக்குள் ஒரு வேஷத்தைத் தைத்து மடித்து வைத்திருப்பார்கள், போட்டுப் பார்க்க வாய்ப்பே வராது. பாப்பாவின் கண் மலர்ந்தது. அந்த வாரமே கொண்டுவந்துவிட்டாள்: வெள்ளி என்று பெயர், ராஜகுமாரி, ஆனால் திருடி. கவசமே கிடையாது, பட்டுச்சட்டை. ஆனால் துள்ளி விலகுவதில் கெட்டிக்காரி. விதிப்படி அந்தத் துள்ளலுக்கே எண் உண்டு, இரும்பியின் இரும்புக்கு ஈடான எண். ஆட்டத்தில் மெல்லிசானவர்களும் பிழைக்க வேண்டும் என்று யாரோ போட்டு வைத்த சலுகை அது. 

"ஒரே ஒரு விதி மட்டும் வெச்சுக்கலாம் பாப்பா. நீ கத்துக்கொடுத்ததுதான். எல்லாம் நிஜத்துல எப்படியோ அப்படி. யாருக்கும் சலுகை இல்ல."

"கண்டிப்பா அண்ணி. நிஜமா இருந்தாத்தான் ஆட்டத்துக்கே அழகு."

ஆழம் தெரியாமல் காலை விட்டாள். 

முதல் வாரம் தேனாகப் போனது. வெள்ளி கூரையேறினாள், கதவுகளைத் திறந்தாள், எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவினாள். தையல்காரி கதை சொல்லுகிற அழகைப் பார்த்து வீட்டுக்காரரே அசந்துபோனார். கடைசியில் ஒரு குதிரை லாயத்தில் சின்னச் சண்டை. லாயக்காரனின் கையில் குளம்பு சீவுகிற கத்தி. தையல்காரி எல்லார் கண்ணெதிரிலும் உருட்டினாள், பகடை இருபதைக் காட்டியது. வெள்ளியின் கெண்டைக்காலில் ஒரு கீறல். பாப்பா சிரித்தபடி தன் தாளில் ஒரே ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டாள். 

பகடை மட்டும் தையல்காரியைக் கைவிட்டிருந்தால் அடுத்த வாரம் காத்திருந்திருப்பாள், அதற்கடுத்த வாரமும் காத்திருந்திருப்பாள். பொறுமை அவள் தொழில். 

அடுத்த ஞாயிறு தொடங்கியதுமே கேட்டாள். "பாப்பா, ஒரு சந்தேகம். நீதான் மருந்துக்கடை. லாயத்துல கிடந்த துருப்பிடிச்ச கத்தி கால்ல கீறுது. கழுவல. பட்டுத்துணியால கட்டிக்கிட்டு மூணு நாள் குதிரையில போறா. என்ன ஆகும்?"

தெரிந்ததைக் கேட்டால் பாப்பாவுக்குக் கால் தரையில் நிற்காது. "சாணி பட்ட இடம் வேற. சிவந்து வீங்கும் அண்ணி. தொட்டா சுடும். அப்புறம் காய்ச்சல் வரும்."

"நிஜத்துல அப்படித்தானா?"

"பின்ன? தினம் ரெண்டு பேரையாவது பாக்குறேன்."

"சரி. எழுதிக்கோ."

பாப்பாவின் பென்சில் பாதியில் நின்றது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். வீங்கின காலோடு துள்ள முடியுமா? முடியாது. துள்ளலுக்கு இருந்த எண் பாதியாகக் குறைந்தது. அந்த வாரம் வெள்ளி இரண்டு அடி வாங்கினாள், பட்டுச்சட்டையோடு.

அதற்கடுத்த வாரம் பாப்பா தயாராக வந்தாள். பையிலிருந்த மந்திரத் தைலத்தை எடுத்துத் தடவுவதாகச் சொன்னாள், தடவினால் காயம் மூடிக்கொள்ளும். 

"தாராளமா. மந்திரம் மந்திரம்தான், அதுல நான் கை வைக்க மாட்டேன். மேல தோல் மூடிடுச்சு," என்றாள் தையல்காரி. "உள்ள சீழ் இருந்ததே, மேல மூடினா அது எங்க போகும்? எனக்குத் தெரியாது, நீயே சொல்லு."

பாப்பா உதட்டைக் கடித்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தனக்கு ஒரு விஷயம் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வராதே. "உள்ளேயே நிக்கும். பரவும்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

"எழுதிக்கோ."

வீட்டுக்காரர் தலையிட்டார். "விடும்மா. விளையாட்டுதானே, எதுக்கு இவ்வளவு."

"ரியலா பாத்தா இப்படித்தாங்க," என்றாள் அவள், அவருடைய குரலிலேயே.

மாப்பிள்ளையையும் விட்டுவைக்கவில்லை, ஆனால் அங்கே விஷம் இல்லை. "தம்பி, எழுந்து நில்லுங்க," என்று டேப்பை எடுத்து அவரை அளந்தாள். ஆள் உயரம், ஒல்லி. இரும்பியின் கவசம் அவருக்கு வயிற்றோடு நின்றுவிடும், தோளில் இடிக்கும். "கையைத் தூக்குங்க. இந்தத் தகடு அக்குள்ல வெட்டுது. வாள் இதுக்கு மேல போகாது." அவர் சிரித்துக்கொண்டே தன் எண்ணைக் குறைத்துக்கொண்டார். "அப்பவே நினைச்சேன்க்கா, கடன் வாங்கின சட்டை மாதிரியே இருக்கேன்னு." 

பாப்பா வாராவாரம் வந்தாள், அதுதான் ஆச்சரியம். வராமல் இருந்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். ஆட்டமெல்லாம் வெள்ளி படுக்கையில் கிடந்தாள். காய்ச்சலுக்கு ஒரு உருட்டு, நடுக்கத்துக்கு ஒரு உருட்டு. மற்றவர்கள் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கூரையேறிய ராஜகுமாரி பானையில் கால் கழுவுகிற கதையைத் தையல்காரி ரொம்ப விவரமாகச் சொன்னாள், நாற்றத்தைக்கூட விடாமல் சொன்னாள். பழிக்கு ருசி உண்டு. அது அவளுக்குப் பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது பாட்டுகூட முணுமுணுத்தாள்.

கடைசியில் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். அதே ஆறு. கத்தி வைத்து வைத்தியம் செய்கிற ஒருத்தி அக்கரையில் இருக்கிறாள். பாலம் இரும்பி விழுந்த அன்றே போயிற்று. காய்ச்சல்காரியைப் படகில் ஏற்ற படகுக்காரன் மறுத்துவிட்டான். 

"இன்னும் ஒரு பொழுது தாங்குவா, அதுக்கு மேல தாங்க மாட்டா," என்றாள் தையல்காரி. "என்ன செய்யப் போறீங்க?"

பாப்பா அண்ணன் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் வெள்ளியின் காய்ச்சல் ஏறியிருந்தது. "அண்ணா, உங்கிட்ட கயிறு இருக்குல்ல. அம்புல கட்டி அக்கரை மரத்துக்கு விடு. அதைப் பிடிச்சு என்னைக் கொண்டு போயிடு."

அவர் "ஆமா, கயிறு," என்று தாளை இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். 

தையல்காரி அவசரப்படவில்லை. பென்சிலைக் கீழே வைத்தாள். "அதே கயிறுதாங்க. ஆறும் அதே அகலம்தான். அன்னைக்கு நான் விழுந்தது நடு ஆத்துல. பாதி ஆத்துக்கு எட்டாத கயிறு இன்னைக்கு அக்கரை வரைக்கும் எட்டுமா? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் விதி. நான் மாத்த மாட்டேன்."

மாப்பிள்ளையின் பிஸ்கட் டீக்குள் முறிந்து விழுந்தது, அவர் எடுக்கவில்லை. பாப்பாவுக்கு இப்போதுதான் புரிந்தது. இத்தனை வாரமும் தனக்காக வெட்டின குழி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். குழி அண்ணனுக்கு.

வீட்டுக்காரர் தங்கச்சியைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். எட்டாது என்றால் தங்கச்சி இங்கேயே சாகிறாள். எட்டும் என்றால்? 

"எட்டும்," என்றார்.

"காதுல விழல."

"எட்டும். அன்னைக்கும் எட்டியிருக்கும்." 

"அப்புறம் ஏங்க எட்டாதுன்னீங்க?"

"பாப்பா முகத்தைப் பாத்தேன். வேண்டாம்னு இருந்துச்சு. கோச்சுக்குவான்னு…"

"என் முகத்தைப் பாத்தீங்களா?"

அவர் அதைப் பார்க்கவில்லை, அன்றைக்கு மட்டுமில்லை. அது இப்போது மேசையைச் சுற்றி நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது. 

"உருட்டுங்க," என்றாள் தையல்காரி.

அவர் உருட்டினார். கயிறு எட்டியது. அவள் ஏமாற்றவில்லை, தடுக்கவில்லை. வெள்ளி அக்கரை போய்ச் சேர்ந்தாள். வைத்தியக்காரி காலைப் பிரித்துப் பார்த்தாள். 

"முழங்கால் வரைக்கும் கறுத்துப் போச்சு பாப்பா. நிஜத்துல என்ன செய்வாங்க?"

பாப்பாவின் கண் கலங்கியிருந்தது. "எடுத்துடுவாங்க," என்றாள். யாரும் சொல்லாமலே பென்சிலை எடுத்து, துள்ளல் என்று எழுதியிருந்த வரியைத் தானே அடித்தாள்.

அப்புறம் பாப்பா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "உங்க கோபம் தீர்ந்துச்சுல்ல அண்ணி. நான் செஞ்சது தப்புதான். கவசம் ரொம்ப ஓங்கிடுச்சு, அதைச் சொல்லத் தெரியாம நிஜம் கிஜம்னு எதையோ சொல்லிட்டேன். அடுத்த வாரம் மந்திரம் போட்டு இரும்பியை எழுப்பிடலாம். இந்தக் காலை வெச்சுக்கிட்டு எனக்கும் முன்னாடி நிக்க ஒரு ஆள் வேணும்."

மாப்பிள்ளை கவசத்தின் தாளை அவள் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கங்கக்கா. இது எனக்கு என்னிக்குமே சேரல."

"வாங்கிக்கம்மா," என்றார் வீட்டுக்காரர், கெஞ்சுகிற மாதிரி.

தையல்காரி தாளைக் கையில் எடுத்தாள். மார்பு, இடுப்பு, தோள், முழங்கை என்று எல்லாம் அவள் கையெழுத்தில் அப்படியே இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்தாள். மடிக்காமல், கசக்காமல், பத்திரமாக மேசை நடுவில் திருப்பி வைத்தாள்.

"இது அளவெடுத்து அடிச்ச கவசம். வேற யாருக்கும் சேராது. இதுக்குச் சேர்ற உடம்பு ஆத்துல கிடக்கு. நீங்கதான் விட்டீங்க."

பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுச் சுருக்கை இழுத்தாள். டேப்பைச் சுற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். 

"அடுத்த வாரம் சீக்கிரம் வந்துடுங்க, வழி நீளம். பாப்பா, ஊன்றுகோல் வாங்கி எழுதிக்கோ, மறந்துடாத."

பாப்பா குனிந்து எழுதிக்கொண்டாள்.